‘காலிதாங்க... சும்மா பாருங்க!’

நம்ம சினிமாவில் துப்பாக்கிக்குச் சுடுவதைத் தவிர எல்லா வேலையும் உண்டு. ஹீரோ அதால தலையைச் சொறிவார். வில்லன் அதை நீட்டியே அடியாளுக்கு வழி சொல்வார். காமெடியன் குழலுக்குள்ளே ஒற்றைக் கண்ணை வைத்து எட்டிப் பார்ப்பார். போலீஸ் ஆபீஸரோ டிரிகரில் விரலை வைத்துக்கொண்டே தடதடன்னு மாடிப்படி ஏறுவார். நிஜத்தில் இந்த நாலு பேரில் ஒருத்தராவது இடைவேளைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில் இருப்பார்!

‘‘அதுக்கு நான் என்ன பாஸ் பண்றது? என்கிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் டிராஃப்டர்தான்’’னு கேக்கறீங்களா? கொஞ்சம் இருங்க. உங்க கிளாஸில் என்.சி.சி-யில் இருக்கிற நாலு பேர், எஸ்.ஐ. எக்ஸாமுக்குப் படிக்கிற ரெண்டு பேர், ராணுவ ஆபீஸர் கனவோடு காலையில் ஓடுகிற ஒருத்தர்... இவங்களை எண்ணிப் பாருங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் ரெண்டு வெண்கலம் அடித்ததைப் பார்த்துட்டு, ‘ஷூட்டிங் கிளப்ல சேரலாமா?’ன்னு யோசிக்கிறவங்களையும் சேர்த்துக்கோங்க. ஃப்ரெண்ட் வீட்டு பீரோவில் தாத்தா காலத்து லைசென்ஸ் ரிவால்வர் இருக்கலாம். ஆயுத பூஜை அன்னிக்கு அது வெளியே வரலாம். அப்போ யாராவது உங்க கையில் அதைக் கொடுத்து ஒரு வார்த்தை சொல்வாங்க: ‘‘காலிதாங்க... சும்மா பாருங்க!’’

உலகத்திலேயே ஆபத்தான வார்த்தைகளில் அந்தக் ‘காலி’யும் ஒண்ணு. எப்படின்னு பார்ப்போம்.

மூணு சம்பவம், ஒரே வார்த்தை!

2021 அக்டோபர் 21. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலம். ‘ரஸ்ட்’ படத்தின் ரிகர்சல். நடிகர் அலெக் பால்ட்வின் கையில் ரிவால்வர். ‘கோல்டு கன்’ என்று அறிவிப்பு வந்தது. ‘இதில் நிஜ தோட்டா கிடையாது’ என்பதற்கு சினிமா பாஷை அது. சில நிமிடங்களில் துப்பாக்கி வெடித்தது. கேமராவுமன் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார், டைரக்டர் ஜோயல் சோசா காயமடைந்தார். டம்மி தோட்டாக்களோடு ஒரு நிஜத் தோட்டா கலந்திருந்தது! பெரும்பாலான டம்மிகளுக்குள் ஒரு சின்ன பால் இருக்கும். காதருகே குலுக்கினால் கலகலன்னு சத்தம் வரும், இல்லைன்னா பக்கத்தில் ஓட்டை போட்டிருப்பாங்க. ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்திருந்தால் அன்னிக்கே தெரிந்திருக்கும். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்த இளம்பெண்ணுக்கு 2024-ல் 18 மாத சிறைத் தண்டனை கிடைத்தது. பால்ட்வின் மீதான வழக்கு, அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்ததாகச் சொல்லி அதே வருஷம் ஜூலையில் பாதியில் தள்ளுபடியானது.

2004 ஏப்ரல், அதே அமெரிக்காவின் ஆர்லாண்டோ. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரி ஒருவர் குழந்தைகளுக்கு விழிப்பு உணர்வு வகுப்பு எடுக்கிறார். ‘இந்த ரூம்ல இதைக் கையாளத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்’ என்கிற அர்த்தத்தில் சொல்கிறார். சொல்லி முடித்த சில நொடிகளில்... டமார்! காலியென்று நினைத்த அவருடைய துப்பாக்கி, அவர் காலையே பதம் பார்த்தது. நல்லவேளை, குழல் தரையைப் பார்த்து இருந்தது. குழந்தைகள் தப்பித்தார்கள்.

2016, நம்ம நாட்டின் பதான்கோட். பதினைந்து வயதுப் பையன் அப்பாவின் லைசென்ஸ் ரிவால்வரோடு செல்ஃபி எடுக்கிறான். ஒரு கை செல்போனில், ஒரு கை துப்பாக்கியில். போட்டோவுக்குப் பதில் டிரிகர் அழுந்தியது. அந்தப் பையன் பிழைக்கவில்லை.

முதல் கேஸில் எல்லாரும் சினிமா ஆட்கள். இரண்டாவதில் பல வருஷம் துப்பாக்கி பிடித்த ஆபீஸர். மூணாவதில் ஸ்கூல் பையன். அனுபவம் மூணு லெவல், நினைப்பு ஒண்ணுதான்: ‘ஒண்ணும் ஆகாது.’

மேகஸினைக் கழட்டிட்டா காலியா?

கைத்துப்பாக்கியில் பொதுவாக ரெண்டு ஜாதி. ரிவால்வரில் சுழலும் சிலிண்டர் இருக்கும். அதை வெளியே தள்ளினாலே எத்தனை அறையில் தோட்டா இருக்குன்னு கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிஸ்டல்தான் கில்லாடி. கைப்பிடிக்குள் செருகும் மேகஸினில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும். மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால், மேகஸினிலிருந்து ஒரு தோட்டா மேலேறி, குழலின் பின்பக்கம் இருக்கிற சேம்பரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போ மேகஸினை உருவி எடுத்துட்டோம்னு வைங்க. கையில் கனம் குறையும், அடியில் ஓட்டை தெரியும். ‘அப்பாடா, காலி’ன்னு மனசு முடிவு பண்ணிடும். ஆனா சேம்பருக்குள் போன அந்த ஒரு தோட்டா அங்கேயேதான் இருக்கும்! நிறைய பிஸ்டல்கள் மேகஸின் இல்லாமலும் அந்த ஒண்ணைச் சுடும். துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்தது என்று வருகிற செய்திகளில் இந்த ‘மிச்சம் ஒண்ணு’ ரொம்பப் பழைய வில்லன். சில மாடல்களைத் துடைப்பதற்காகப் பிரிக்கும்போதே டிரிகரை ஒருமுறை அழுத்த வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சேம்பரில் மிச்சம் இருந்தால் கதை முடிஞ்சது.

சரி, அப்போ ஸ்லைடை இழுத்தால் உள்ளே இருக்கிறது வெளியே குதிச்சிடுமே? குதிக்கும். ஆனா இங்கே வரிசை முக்கியம். முதலில் மேகஸினைக் கழட்டணும். அப்புறம்தான் ஸ்லைடை இழுக்கணும். இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுத்ததும் பழைய தோட்டா வெளியே வரும். கீழே மேகஸின் இருப்பதால் புதுசா ஒண்ணு உள்ளே ஏறும். அப்புறம் மேகஸினைக் கழட்டி மேஜை மேல் வைத்துவிட்டு, ‘ரெண்டு வேலையும் பண்ணிட்டேன், காலி’ன்னு சொல்வோம். உள்ளே ஒண்ணு ஜம்முனு உட்கார்ந்திருக்கும்! மேட்ரிக்ஸ் பெருக்கல் படிச்ச நமக்கு இது புதுசா என்ன? வரிசையை மாற்றிப் பெருக்கினால் விடையே வேற.

அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் மேகஸினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்ப்பார்கள். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்ப்பார்கள். இவ்வளவும் நடக்கும்போது குழல் ஆளில்லாத பாதுகாப்பான திசையில், விரல் டிரிகருக்கு வெளியே. பல ராணுவ முகாம்களில் இதற்காகவே மணல் நிரப்பிய பீப்பாய் வைத்திருப்பார்கள். குழலை அதை நோக்கி வைத்துத்தான் காலி செய்யணும். தப்பாக வெடித்தாலும் குண்டு மணலோடு போய்விடும்.

கீழே விழுந்தால் வெடிக்குமா?

2024 அக்டோபர் 1 அதிகாலை. இந்தி நடிகர் கோவிந்தா மும்பை வீட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது கை தவறிக் கீழே விழுந்து வெடித்ததாக அவர் தரப்பில் சொன்னார்கள். இடது காலில், முழங்காலுக்குக் கீழே குண்டு. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

‘விழுந்தா எப்படி வெடிக்கும்? யாரும் அழுத்தலையே?’ இது மெக்கானிக்கல் பசங்களுக்கான கேள்வி. தோட்டாவின் அடியில் ‘பிரைமர்’ என்று ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதை ஊசி மாதிரி ஒரு பின் தட்டினால் தீப்பொறி கிளம்பும், மருந்து எரியும், குண்டு பறக்கும். பழைய காலத்து ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியல் மாதிரி இருக்கிற ஹேமரும் அதன் முனையும் நேராகப் பிரைமர் மேலேயே சாய்ந்திருக்கும். துப்பாக்கி ஹேமர் பக்கமாகத் தரையில் மோதினால் அந்த அடியே போதும்! 1873-ல் வந்த புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரில் ஆறு அறைகள் இருந்தும், விவரமானவர்கள் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, ஹேமருக்கு நேராக இருக்கிற அறையைக் காலியாக விட்டது இதனால்தான்.

அப்புறம் இன்ஜினீயர்கள் உள்ளே புகுந்தார்கள். ‘டிரான்ஸ்ஃபர் பார்’ என்று ஒரு சின்ன இரும்புப் பட்டை. டிரிகரை அழுத்தினால் மட்டும் அது மேலே ஏறி, ஹேமருக்கும் பின்னுக்கும் நடுவே பாலம் போடும். டிரிகர் அழுந்தலைன்னா பாலமே இல்லை. ஹேமர் எவ்வளவு அடித்தாலும் பின்னைத் தொடாது. அமெரிக்காவின் ரூகர் கம்பெனி 1973-ல் தன் பழைய பாணி ரிவால்வர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. நவீன பிஸ்டல்கள் பலவற்றில் பின்னையே ஒரு சின்னக் கட்டை மறித்து நிற்கும். டிரிகரை முழுசாக இழுத்தால்தான் வழி விடும்.

‘அப்போ புதுத் துப்பாக்கின்னா பயமே இல்லை’ன்னு சந்தோஷப்படாதீங்க. 2017-ல் சிக் சாவர் கம்பெனியின் பி-320 பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழுந்தால் வெடிப்பதை வெளியாட்கள் டெஸ்ட் செய்து காட்டினார்கள். காரணம்? ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்! துப்பாக்கி தரையில் மோதி நின்றாலும், டிரிகர் தன் எடையால் தொடர்ந்து நகர்கிறது. இனர்ஷியாவே விரல் வேலையைப் பார்த்துவிடும். கம்பெனி அதே ஆகஸ்ட்டில் எடை குறைந்த டிரிகர் உள்ளிட்ட மாற்றங்களை இலவசமாகச் செய்து தருவதாக அறிவித்தது. பாதுகாப்பு மெக்கானிசமும் ஒரு மெஷின்தான். மெஷின்னா தேயும், உடையும், டிசைனிலேயே கோட்டை விடும்.

இன்னொரு விஷயம். கையிலிருந்து துப்பாக்கி நழுவினால் பாய்ந்து பிடிக்காதீங்க. விட்டுடுங்க. செல்போன் விழுந்தா பிடிக்கிற பழக்கத்தில் கையை நீட்டினால், விரல் போய் நிற்கிற இடம் பெரும்பாலும் டிரிகராகத்தான் இருக்கும்.

விரல் நம்ம பேச்சைக் கேக்காது!

‘நான் அழுத்தவே இல்லை சார்!’ துப்பாக்கி தவறுதலாக வெடித்த பலர் சொல்கிற வார்த்தை இது. பொய்யாக இருக்கணும்னு அவசியமில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக உடலியக்க ஆய்வாளர் ரோஜர் எனோகா 2003-ல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். நமக்குத் தெரியாமல் விரல் மடங்க மூணு சந்தர்ப்பம் உண்டு. ஒண்ணு, மற்றொரு கையால் எதையாவது பலமாக இறுக்கும்போது. ரெண்டு, கால் தடுக்கி பேலன்ஸ் போகும்போது. மூணு, திடீர் சத்தத்தில் திடுக்கிடும்போது.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறோமே, யாராவது யோசித்தா பிடிக்கிறோம்? கை தானாக இறுகும். அந்தக் கையில் துப்பாக்கியும், விரல் டிரிகரிலும் இருந்தால்? ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் டிரிகருக்குக் குறைந்தபட்சம் 500 கிராம் கனம் இருக்கணும் என்பது ரூல். 25 மீட்டர் பிஸ்டலில் 1,000 கிராம். ஏர் பிஸ்டலுக்கு அரை லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்குகிற பலமே போதும்! சர்வீஸ் பிஸ்டல்களுக்கு இன்னும் கூடுதல் பலம் வேணும்தான். ஆனா பயத்தில் இறுகுகிற கைக்கு அது ஜுஜுபி.

அதனால்தான் விரலுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்காங்க. டிரிகருக்கு மேலே, துப்பாக்கியின் பக்கவாட்டில், நீளமாக நேராக நீட்டி வைத்திருக்கணும். சுடுவது என்று முடிவு செய்து, இலக்கைக் குறி வைத்த பிறகுதான் விரல் அந்த வீட்டை விட்டு வெளியே வரணும்.

நாலே நாலு ரூல்!

உலகம் முழுக்க பிஸ்டல் பயிற்சியில் சொல்லித்தருகிற நாலு ரூல்களைத் தொகுத்துப் பிரபலமாக்கியவர் ஜெஃப் கூப்பர். அமெரிக்க மரைன் படையில் இருந்தவர், 1976-ல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். அந்த ரூல்கள் நம்ம பாஷையில்:

1. எந்தத் துப்பாக்கியும் லோடு ஆகியிருக்கிறதுன்னே நினைச்சு நடந்துக்கோங்க. இப்போதான் நீங்களே காலி பண்ணியிருந்தாலும் சரி.

2. அழிந்தால் பரவாயில்லை என்று நினைக்காத எதை நோக்கியும் குழலைக் காட்டாதீங்க. உங்க கால், பக்கத்து ரூம் சுவர், மாடி வீடு எல்லாம் இதில் அடக்கம்.

3. குறி வைத்து முடிக்கிற வரைக்கும் விரல் டிரிகருக்கு வெளியே.

4. இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சுடுங்க. குண்டு இலக்கோடு நிற்கணும்னு சட்டம் இல்லை.

இதில் இருக்கிற இன்ஜினீயரிங்தான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு ரூலும் தனித்தனி தடுப்பு. ஒண்ணை மீறினாலும் மற்றவை காப்பாற்றும். விரல் தப்புப் பண்ணி வெடித்தாலும், குழல் பாதுகாப்பான திசையில் இருந்தால் சுவரில் ஓட்டை விழும், அவ்வளவுதான். ஆர்லாண்டோ குழந்தைகளைக் காப்பாற்றியது அந்த ரெண்டாவது ரூல்தான். இதையே விபத்து ஆய்வாளர் ஜேம்ஸ் ரீசன் ஓட்டையுள்ள சீஸ் துண்டுகளை அடுக்கி விளக்கினார். நமக்கு இட்லித் தட்டு போதும்! தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினால் மேல் தட்டு ஓட்டைக்கு நேராகக் கீழ் தட்டு ஓட்டை வராது. எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வருகிற அன்னிக்குத்தான் விபத்து.

புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, ‘தி க்ரோ’ ஷூட்டிங்கில் 1993 மார்ச் 31 அன்று இறந்தது அப்படித்தான். நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டு டம்மி செய்தார்கள்; பிரைமரை விட்டுவிட்டார்கள். அது வெடித்த சின்ன வேகத்தில் குண்டு குழலின் நடுவே போய் சிக்கிக்கொண்டது. யாரும் குழலைச் சோதிக்கவில்லை. பிறகு வேறொரு காட்சிக்காக, சத்தம் மட்டும் போடுகிற வெற்றுத் தோட்டாவைப் போட்டு அவரை நோக்கிச் சுட்டபோது, அதன் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்த குண்டை வெளியே தள்ளியது. மூணு பேர் கவனிக்க வேண்டிய இடத்தில் மூணு ஓட்டை. அவருக்கு வயது 28.

ரேஞ்சில் கெத்து காட்ட முடியாது!

என்.சி.சி-யில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்குத் தெரியும். ரேஞ்சுக்குப் போனால் சுடுகிற நேரம் கொஞ்சம்தான். படு, லோடு பண்ணு, காலி பண்ணு, திறந்து காட்டு என்று கமாண்டுக்குக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம். ‘காலி கர்’ என்று உஸ்தாத் குரல் கொடுத்ததும் காலி பண்ணினால் மட்டும் போதாது, அவர் வந்து கண்ணால் பார்க்கணும். அப்போ கடுப்பாகத்தான் இருக்கும். ‘நான்தான் காலி பண்ணிட்டேனே’ன்னு தோணும். அந்த நினைப்பை நம்பாமல் இருக்கத்தான் இன்னொரு ஜோடி கண்!

சர்வதேசப் போட்டிகளிலும் இதே கறார்தான். சுடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் சேம்பரிலும் பளிச்சென்ற ஆரஞ்சு மாதிரி கலரில் ஒரு பாதுகாப்புக் கொடி செருகியிருக்கணும். கொடி உள்ளே இருந்தால் தோட்டா இருக்க முடியாது, தூரத்திலிருந்தே தெரியும். யாரையும் ‘காலியா?’ன்னு கேட்க வேண்டியதில்லை. இலக்குப் பக்கம் ஆள் போயிருந்தால் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. டிரிகர் இழுத்தும் வெடிக்கவில்லையா? திருப்பிப் பார்க்கக் கூடாது. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு கையைத் தூக்கி ஆபீஸரைக் கூப்பிடணும். சில நேரம் தோட்டா லேட்டாகவும் வெடிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகாதவருக்கு லைசென்ஸ் கிடையாது. அதற்குக் குறைந்த வயதினர் பயிற்சியாளர் மேற்பார்வையில், முறையான பயிற்சிக்காக மட்டும் சுடலாம். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கிறவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் தரணும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. அந்தப் பயிற்சியில் வீட்டில் பத்திரமாக வைப்பதும் ஒரு பாடம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

கல்யாணத்தில், பொதுக்கூட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற வழக்கம் வடக்கே பல உயிர்களைக் குடித்திருக்கிறது. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில், கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண் அப்படிச் சுட்ட குண்டில் இறந்தார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னாலும் இப்படிச் சுடுவதற்கு 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். கவனக்குறைவால் யாராவது இறந்துவிட்டால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி 5 வருஷம் வரை சிறை. ‘தெரியாம வெடிச்சிடுச்சு’ என்பது அங்கே மன்னிப்பு இல்லை, குற்றச்சாட்டே அதுதான்!

உங்க கையில் கொடுத்தா...

* பயிற்சி இல்லையா? ‘‘வேணாம் மாமா, எனக்குத் தெரியாது’’ன்னு சொல்லிடுங்க. ஒரு கௌரவமும் குறையாது.

* பயிற்சி இருக்கா? ‘‘திறந்து காட்டிட்டுக் குடுங்க சார்’’னு கேளுங்க. கையில் வாங்கினதும் நீங்களும் ஒரு தடவை பாருங்க. கொடுத்தவர் கமிஷனராகவே இருந்தாலும் கோபப்பட மாட்டார். விஷயம் தெரிஞ்சவர்னா சந்தோஷப்படுவார்.

* துப்பாக்கியோடு செல்ஃபி, ரீல்ஸ், யாரையாவது குறி வைத்து விளையாட்டு... மூச்! பொம்மைத் துப்பாக்கின்னு நினைச்சாலும் மூச்!

* தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க பீரோவிலிருந்து எடுக்கிறாங்களா? எடுக்கிற இடத்தில் கூட்டம் வேண்டாம். லைசென்ஸ்காரர் மட்டும் கையாளட்டும்.

* வீட்டுக் குட்டிப் பசங்களுக்கு மூணே வார்த்தை சொல்லிக் கொடுங்க: தொடாதே, நகரு, பெரியவங்ககிட்ட சொல்லு.

* மீறி யாருக்காவது அடிபட்டால், துப்பாக்கியை மறுபடி தொட்டு ஆராய்ச்சி பண்ணாதீங்க. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துப் பலமாக அழுத்திப் பிடிங்க. இன்னொருத்தர் 108-க்கு போன் பண்ணட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை அழுத்தின கையை எடுக்கக் கூடாது.

லேபில் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டேன்னு ஃப்ரெண்ட் சொன்னாலும், டெஸ்டரை வைத்துப் பார்த்துட்டுத்தானே ஒயரைத் தொடுறோம்? அவனை நம்பாமலா பார்க்கிறோம்? அவனுக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். துப்பாக்கிக்கும் அதே கணக்குதான் மச்சி. யாராவது ‘காலி’ன்னு சொன்னா தலையாட்டாதீங்க... திறந்து பாருங்க!